பத்திரிகைத் தட்டோடு வந்தவர்கள்

அக்காவின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிவிட்டு இந்த மலரை வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

இத்தகைய மலர்களில் மறைந்தவரின் நற்குணங்களை எழுதி, நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். நானும் நன்றி சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஓராண்டில் எனக்குத் துக்கத்தைவிட அருவருப்புதான் அதிகமாக இருந்தது. அதில் பாதி உங்கள்மேல், மீதி என்மேல். படிக்கப் பிடிக்காதவர்கள் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

முதல் பக்கத்தில் அக்காவின் படத்துக்குக் கீழே "குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநல ஆலோசகர்" என்று போட்டிருக்கிறது. அம்பத்தூர் அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்தபோது எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு "கல்வியாளர்" என்று எழுதியிருந்தார். ஏன் என்று போனில் கேட்டேன்.

"இன்னா நைனா, வெவரம் புரியாம பேசற? இந்த புக்கு எல்லார் ஊட்டுக்கும் போவும். பொண்ணு பாக்க வர்றவன் கையில சிக்கிச்சுன்னா இன்னா நெனப்பான்? இவனுங்க குடும்பத்துல மென்ட்டல் கேஸு எதுனா கீதுன்னுதானே நெனப்பான்?"

"அண்ணே, அக்கா வைத்தியம் பாத்தவங்க. நோயாளி இல்ல."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா."

அடித்த வரியை நான் மறுபடி எழுதிக் கொடுத்தேன். போன வருடம் இதே வார்த்தைக்கு நான் தலையாட்டினேன். அக்கா இறந்த அன்று கரையான்சாவடி மெயின் ரோட்டில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் "கல்வியாளர்" என்றுதான் இருந்தது. இந்த முறை தலையாட்டவில்லை.

அக்கா பூந்தமல்லியை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் மல்லித் தோட்டம் இருந்தது. அது மனைகளாகப் பிரிந்து போனபின் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தார். பிளஸ் ஒன்னில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டாள். வகுப்பில் கேட்டாலும் பதில் இல்லை, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதும் இல்லை. அவள் வீட்டில் மந்திரித்துப் பார்த்தார்கள், வேப்பிலையால் அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் நம் ஜனங்களிடம் எப்போதும் கையிருப்பில் இருக்கும் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. மாமியார் வீட்டில் நான்கு மாதம்தான் இருந்தாள். அதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

அந்தத் தோழியின் சாவுக்குப் போய்வந்த அக்கா, உளவியல் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு அது என்ன படிப்பென்று தெரியாது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எங்கள் குடும்பத்தில் அக்காவின் படிப்பைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். பட்டம், முதுகலை, அதற்குமேல் மருத்துவமனையிலேயே இருந்து பெறும் இரண்டு வருடப் பயிற்சி என்று அக்கா பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் நின்றபடியே படித்து முடித்தார். வரன்கள் வந்தன. வேலை என்னவென்று கேட்டதும் திரும்பிப் போயின. "இந்த வேலை எல்லாம் தொத்திக்குமாமே" என்று ஒரு பெரிய மனிதர் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார். அக்கா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

முதலில் ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மாணவர் ஆலோசகராகச் சேர்ந்தார். ஆசிரியர் வராத வகுப்புகளில் உட்கார வைத்தார்கள், தேர்வு அறையில் காவலுக்கு நிற்க வைத்தார்கள். "ஒழுங்கா இல்லன்னா கவுன்சலிங் ரூமுக்கு அனுப்பிடுவேன்" என்று ஆசிரியர்களே பிள்ளைகளை மிரட்டினார்கள். அந்த அறைக்குப் போவதே தண்டனை என்று ஆனபின் எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்? அப்படியும் சிலர் திறந்தார்கள். ஒரு நாள் தாளாளர் கூப்பிட்டு, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அக்காவிடம் என்ன சொன்னாள் என்று எழுதித் தரச் சொன்னார். அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் நானே வந்து சொல்லியிருப்பேன், மற்றது அவள் என்னை நம்பிச் சொன்னது என்றார் அக்கா. மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு நகரத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். அதன்பின் கரையான்சாவடியில் ஒரு துணிக்கடையின் மாடியில் சொந்தமாக அறை எடுத்து போர்டு மாட்டினார். போர்டைப் பார்த்தால் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்று கடைக்காரர் புகார் செய்தார். மூன்றாம் மாதமே காலி செய்யச் சொன்னார்கள். அப்பா எங்கள் வீட்டு மாடியைத் திறந்து கொடுத்து, போர்டைத் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார்.

இனி நீங்கள் வருகிறீர்கள்.

எங்கள் வீட்டு மாடிக்கு முதலில் வந்தவர் எங்கள் சொந்தத்திலேயே ஒரு அம்மாள். மகனுக்கு எட்டு வயது. ராத்திரி படுக்கையை நனைக்கிறான், பள்ளிக்கூட வேனைக் கண்டால் கத்துகிறான். அந்த அம்மாள் கையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம், ஒரு கல்யாணப் பத்திரிகை. "தெருவுல கேட்டாங்க, பத்திரிகை வைக்க வந்தேன்னு சொல்ட்டேன்" என்றார். அந்தக் கல்யாணம் நடந்து முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

இந்த உத்தி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. ஒரே வருடத்தில் அதுவே நடைமுறை ஆகிவிட்டது. பழைய ஊர்க் குடும்பத்தினரும் வந்தார்கள், அடுக்குமாடிகளில் குடியேறிய ஐ.டி. தம்பதிகளும் வந்தார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லோர் கையிலும் ஒரே தட்டு. ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை மூன்று வெவ்வேறு குடும்பங்களின் கையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தேன்.

எதிர் வீட்டுக்காரர் ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார். "இன்னா நைனா, உங்க ஊட்டுக்கு மட்டும் டெய்லி பத்திரிகை வந்துகினே கீது. ஒரு கல்யாணத்துக்காச்சும் உங்க அக்கா பட்டுப்புடவை கட்டிகினு போயி நான் பாக்கலியே?"

அவர் கேட்டது நியாயம்தான். அக்கா பார்த்துச் சரியான பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. உண்மையான பத்திரிகை ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மண்டபத்தில் யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? ஆற்றைக் கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி. பூந்தமல்லி மார்க்கெட்டில் அக்காவை எதிரில் பார்த்தவுடன் கத்தரிக்காயைப் பொறுக்கக் குனிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அக்கா இதற்கெல்லாம் கோபப்படவில்லை. ஒரே ஒரு முறை மாடியில் அவர் குரல் உயர்ந்து கேட்டது. தட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அக்காவிடம் கேட்டாளாம், "ஆன்ட்டி, நான் யாரோட கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கேன்னு சொல்லணும்? அம்மா சொன்னது மறந்துட்டேன்." அக்கா அந்தத் தாயிடம், "அவளுக்கு வந்திருக்கிற கஷ்டம் போதாதுன்னு வெட்கப்படவும் நீங்களே சொல்லிக் கொடுக்கிறீங்களாம்மா? அடுத்த வாட்டி தட்டைக் கீழ வச்சிட்டு, பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றார். அடுத்த வாரமும் தட்டுதான் வந்தது.

இப்போது என் பங்கு. என் மகளைப் பெண் பார்க்க அம்பத்தூரிலிருந்து வந்தார்கள். அன்று காலையே நான் ஏணி போட்டு ஏறி போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா, "மாடியில யாருங்க?" என்று கேட்டார். "எங்க அக்கா. பசங்களுக்கு டியூஷன் எடுக்கறாங்க" என்றேன். அக்கா அப்போதுதான் படி இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. சிரித்த முகத்தோடு வந்து, "ஆமாங்க, இன்னைக்கு டியூஷன் லீவு" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேசரி எடுத்துக் கொடுத்தார்.

அவர்கள் போனபின் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார், "நீயும் தட்டத் தூக்கிட்டியாடா தம்பி?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை, போர்டைத் திரும்ப மாட்டச் சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஐம்பத்திரண்டு வயதில் அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் கண்டது. அதன்பின் மூன்று மாதம்தான் இருந்தார். படி ஏற முடியாமல் போனபின் கீழ் அறையில் படுத்தபடியே, தன்னிடம் வந்துகொண்டிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்தார். எந்தக் குழந்தையையும் பாதியில் விடக்கூடாது என்று தன்னோடு பயிற்சி பெற்ற தோழியிடம் ஒவ்வொருவரையும் ஒப்படைத்தார். குழந்தைகளைப் பற்றிய குறிப்பு நோட்டுகளைக் கட்டி அரக்கு வைத்து என்னிடம் கொடுத்து, "பிரிக்காம கொண்டு போய்க் குடு" என்றார். நானும் அப்படியே கொடுத்தேன். அக்காவோடு பழக்கம் என்று சொல்லவே கூசியவர்களின் பெயர் ஒன்றுகூட வெளியே வரக்கூடாது என்பதுதான் கடைசி நாட்களில் அவருக்கு இருந்த கவலை.

சாவுக்கு நிறையப் பேர் வந்தீர்கள். தட்டோடு பார்த்த முகங்கள் பல. "நீங்க எப்படிச் சொந்தம்?" என்று யாரோ கேட்க, "தூரத்து உறவு" என்றார் ஒருவர். "பையனுக்கு டியூஷன்" என்றார் இன்னொருவர். நான் சொன்ன பொய்யே என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

அப்போது முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்துநான்கு வயது இருக்கும். வேலையிடத்திலிருந்து நேராக வந்ததால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"இன்னாண்ணா இது, ரோட்டுல பேனர்ல கல்வியாளர்னு போட்டுகீறீங்க? எனக்கு அக்கா ஏபிசிடியா சொல்லிக் குடுத்தாங்க? பதினாறு வயசுல நான் உசுரே வேணாம்னு இருந்தேன். ரெண்டு வருசம் வாராவாரம் உக்கார வச்சுப் பேசி என்னை ஆளாக்குனவங்க. எங்க தெருவுல மென்ட்டல் டாக்டர்னு சொல்வானுங்க. சொல்ட்டுப் போறானுங்க. நீங்க ஏன் அவங்க பண்ண வேலைய மறைக்கிறீங்க?"

அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. எங்கள் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நாலு பேர் எதிர்ல இப்டி பேசறியே, நாளைக்கு உனக்குக் கல்யாணம் காட்சி ஆவ வேணாமா?" என்றார்.

"ஆயிடுச்சுண்ணா. எல்லாம் சொல்லித்தான் கட்டிகினேன். அவரு வெளிய வண்டிய நிறுத்திகினு கீறாரு."

பந்தலில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரும் போடுங்கண்ணா" என்றாள். அக்கா வைத்த விதியை மீற மனமில்லாமல் பெயரை விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று. போன மாதம் என் சம்பந்தி அம்மாள் போன் செய்தார்; இதையும் அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவருடைய மூத்த மகன் வழிப் பேத்தி சாப்பிட மறுக்கிறாளாம், அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். "இந்நேரம் உங்க அக்கா இருந்திருந்தா அவங்ககிட்டயே கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றார். அக்காவின் வேலை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அன்னைக்கு நீங்க டியூஷன்னு சொன்னப்பவே எங்களுக்குத் தெரியும் சம்பந்தி. விசாரிச்சுட்டுத்தானே பொண்ணு பாக்க வந்தோம். நல்ல குடும்பம்னு நாங்க முடிவு பண்ணதே அக்காவை வச்சுத்தான். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டோம்" என்றார். நான் ஒளித்து வைத்த போர்டுதான் என் மகளுக்கு மாப்பிள்ளை கொண்டுவந்திருக்கிறது.

இனி நன்றி. வலி தெரியாமல் அக்காவை வழியனுப்பிய மருத்துவருக்கும் செவிலியருக்கும், கடைசி வாரம் முழுவதும் அக்காவின் தலைமாட்டிலேயே இருந்த என் மகளுக்கும், கூப்பிட்ட நேரத்தில் ஆட்டோவோடு வந்து அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய எதிர் வீட்டுக்காரருக்கும் நன்றி. குழந்தைகளை ஏற்றுக்கொண்ட அக்காவின் தோழிக்கு நன்றி. அவர் இனி வாரத்தில் இரண்டு நாள் எங்கள் மாடியிலேயே குழந்தைகளைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். என் சம்பந்தி வீட்டுப் பேத்திதான் அங்கே முதலில் வந்தவள். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையோடு வந்தாள். அப்பா மாட்டிய போர்டை அதே ஆணியில் நான் திரும்ப மாட்டியிருக்கிறேன்.

தட்டோடு வந்தவர்களுக்கு ஒரு செய்தி. அழுதுகொண்டே படி இறங்கிய பலர் தட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். திரும்ப வந்து கேட்டால் தெருவில் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டீர்கள். மாடிப் பரணில் முப்பத்தேழு தாம்பாளங்கள் இருக்கின்றன. நம் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும் என்பதை அந்த அவசரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. அக்கா யோசித்திருக்கிறார். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

அவரவர் தட்டை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பகலிலேயே வரலாம், கதவு திறந்திருக்கும். தெருவில் யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று இந்த முறை யோசித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி