வீட்டுக்காரர் இல்லீங்களா?

விஜயநகரில் அந்த வீட்டை வாங்கியது நாங்கள் மட்டும் குடியிருக்க அல்ல. தசராவுக்கும் மே மாத விடுமுறைக்கும் மைசூர் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட. யோசனை என் கணவருடையது. சீசனில் வீடு கலகலவென்று இருக்கும், மற்ற நாளில் நாம் இருவரும் நிம்மதியாக இருக்கலாம் என்றார். முன்பக்கம் வருகிறவர்களுக்கு, பின்னால் ஒற்றை அறை எங்களுக்கு. பத்திரம் பதிந்த கையோடு மார்க்கெட் பக்கம் போய் எட்டுத் தலையணை வாங்கினார். எட்டு எதற்கு என்று சண்டை போட்டேன். முதல் சீசன் வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். மனுஷனுக்கு எதிலும் அவசரம்.

விற்றுவிடு என்றார்கள் எல்லோரும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா, "ஒப்பரே இர்த்தீரா?" என்று கேட்டாள், தனியாகவா இருப்பீர்கள் என்று. நான் வீட்டையும் விற்கவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. அவர் சொன்ன அந்தக் கலகலப்பை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். தனியாக இருந்து அலுத்துப்போயிருந்தது.

தசராவுக்கு ஈரோட்டுக் குடும்பம் ஒன்றை ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கியதும் அந்த அம்மாள் கேட்டாள்: "வீட்டுக்காரர் இல்லீங்களா?"

நல்ல நாளும் அதுவுமாக வாசலில் வைத்து சாவைச் சொல்வதா? "சாமராஜநகர் போயிருக்கார். வந்துடுவார்" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசானது. வெட்கங்கெட்ட நெஞ்சு.

பிறகு தினமும் கேட்டார்கள், தினமும் வந்துவிடுவார் என்றேன். வெந்நீர் போட்டேன், கூட்டிப் பெருக்கினேன், அவர்கள் குழந்தைகளுக்குத் தலை வாரிவிட்டேன். எட்டுத் தலையணையும் போதவில்லை. சாயங்கால பஸ் வரும் நேரத்துக்கு நானே வாசலை எட்டிப் பார்த்தேன். பைத்தியம்தான், வேறென்ன.

கிளம்புகிற காலையில் அந்த அம்மாள் சாவியோடு ஒரு ரவிக்கைத் துணியையும் என் கையில் வைத்தாள். "வீட்டுக்காரர் வந்தா சாவியைக் குடுத்துருங்க. அவருகிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தனுங்க. சொந்த வீடாட்டம் பாத்துக்கறீங்க. உங்களாட்டம் வேலைக்கு ஆளு கெடைக்குமுங்களா?"

அப்போதுதான் உறைத்தது. பத்து நாளாக அவள் கேட்டது வீட்டின் சொந்தக்காரரை. நான் பதில் சொன்னது என் புருஷனைப் பற்றி.

நான்தான் சொந்தக்காரி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அப்போது சாமராஜநகரில் இருப்பது யார் என்று கேட்பாள். அவர் இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டிவரும்.

"வந்ததும் சொல்றேம்மா" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.