எங்களுக்குப் பங்காளியான பாடகர்

என் அப்பாவைப் பொய்யர் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பொய்யா அது? இருப்பதைக் கொஞ்சம் இழுத்து நீட்டுவார், அவ்வளவுதான். நீட்டி நீட்டி அது எங்கே போய் முடியும் என்று மட்டும் பார்க்க மாட்டார். என் கல்யாணத்தில் போய் முடிந்தது.

அப்பா மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டும் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்தக் கடைக்கு ஒரு பெரிய பாடகர் வந்தார். பேர் வேண்டாம். நாடகத்தில் ராஜபார்ட் போடுகிறவர்; அவர் பாடிய கிராமபோன் தட்டு ஓடாத காப்பி கிளப்பே அப்போது மதுரையில் கிடையாது. கொட்டகையில் பாட வந்தவர், ஜரிகை அங்கவஸ்திரம் ஒன்று வாங்கக் கடைக்குள் நுழைந்துவிட்டார். அப்பாதான் விரித்துக் காட்டினார். சாயம் போகுமா என்று கேட்டார். போகாது என்றார் அப்பா. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அப்பா கொடுத்தார். பேச்சுவாக்கில் அவருடைய முன்னோர்கள் மேலூர்ப் பக்கம் என்று தெரிந்தது. எங்களுக்கும் மேலூர்ப் பக்கம்தான். எங்களுக்கும் அந்தப் பாடகருக்கும் இருந்த சம்பந்தம் மொத்தமே இவ்வளவுதான்.

அந்த வருஷம் அவர் "நம்ம ஊர்க்காரர்" ஆனார். மறு வருஷம் தூரத்துச் சொந்தம். எனக்குப் பதினைந்து வயது ஆனபோது அப்பாவின் சொந்தச் சித்தப்பா மகன். காப்பி கிளப்பில் அவர் தட்டு ஓடினால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "சின்னப் பிள்ளையிலேயே தம்பிக்கு இந்தச் சாரீரம்தான்" என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "அம்புட்டு நெருங்குன சொந்தம்னா ஒரு நாளாவது நம்ம வீட்டுல கை நனைச்சிருக்காரா?" என்று கேட்பாள். "அவனுக்கு நேரம் ஏதுடி, பாவம்" என்று அப்பா நிஜமாகவே பாவப்படுவார்.

என்னைப் பெண் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பினாங்கில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் மாமனார், பெரிய நாடகப் பைத்தியம். விடியவிடிய நாடகம் பார்ப்பதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வருகிற மனுஷர். அவர் காதில் என் அப்பா மெல்லத் தம்பி பேச்சை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று வந்தவர்கள், அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டுப் போனார்கள். "கல்யாணத்துக்குத் தம்பி வருவாகள்ல?" என்று கேட்டதற்கு, "வராம?" என்றார் அப்பா.

மாப்பிள்ளை அன்று என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாரும் கிளம்பியபின், குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குடையை எடுக்காமலே போய்விட்டார். எனக்கு அந்த நிமிஷமே மனசு விழுந்துவிட்டது. இதைச் சொல்ல இப்போது என்ன வெட்கம்?

கார்த்திகைக் கடைசியில் முகூர்த்தம். மார்கழி பிறந்த மூன்றாம் நாள் கப்பல். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்குப் பாத்திரம் வந்து முற்றத்தில் இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, கடையிலிருந்து அப்பா பாதியில் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இடுப்பில் பேப்பரைச் செருகியிருந்தார். அம்மா பிடுங்கிப் பார்க்கச் சொன்னாள், நான் படித்தேன். பிரபல பாடகரின் தகப்பனார் தஞ்சாவூரில் காலமானார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "சித்தப்பானு சொல்லித் தொலைச்சீகளே!" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். பங்காளி வீட்டில் சாவு என்றால் எங்கள் பக்கம் பதினாறு நாள் தீட்டு. காரியம் முடிகிறவரைக்கும் வீட்டில் கோலம்கூடப் போட மாட்டோம். கல்யாணம் எங்கே செய்வது? பதினாறு கழிந்தால் மார்கழி. மார்கழியில் தாலி ஏறாது, கப்பலும் நிற்காது. அடுத்த லீவுக்கு மூன்று வருஷம். அதற்குள் அவர் மனசு மாறலாம், அங்கேயே ஒருத்தியைக் கட்டலாம்.

அளந்துவிட்ட மனுஷர் மச்சான் என்று சொல்லியிருக்கக் கூடாதா? மச்சான் வீட்டுச் சாவுக்கு ஒரு தலைமுழுக்கோடு போயிற்று. பெருமை குறைந்துபோகும் என்று ஒரே ரத்தமாக ஆக்கிவைத்திருந்தார்.

"உசிலம்பட்டியில யாரு பேப்பர் படிக்கிறாக? விடு" என்றார் அப்பா.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். வெறுங்கையோடு, வெற்றிலை பாக்கு இல்லாமல், துட்டிக்கு, அதாவது சாவு விசாரிக்க, வருகிறவர்கள் எப்படி வருவார்களோ அப்படி. பெண்கள் வாசலிலேயே தலையை அவிழ்த்து, ஓவென்று கத்திக்கொண்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அம்மாவும் பதிலுக்கு அழ வேண்டுமே. செத்தவர் கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. என்ன சொல்லி அழுவாள்? தெரிந்ததைச் சொல்லி அழுதாள். "பந்தலுக்குச் சொல்லியாச்சே... பாத்திரம் வந்துருச்சே... எட்டு நாள் பொறுக்கக் கூடாதா மாமா..." என்று அவள் வைத்த ஒப்பாரியில் பக்கத்து வீட்டுக்காரி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள். உள்ளே நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

என் மாமனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சம்பந்தி, நீங்க இன்னும் பெறப்படலையா? பொணத்தைக் குளிப்பாட்டப் பங்காளி நீர்மாலை எடுக்காம எப்படி?"

"தகவல் தாமசமா வந்துச்சு" என்றார் அப்பா.

"சரி, மொட்டையாவது எடுத்தாகணும்ல? நாவிதருக்கு ஆள் விட்டாச்சா?"

அப்பாவின் கை தானாகத் தலைக்குப் போனது. சுருட்டை முடி. தினமும் வேப்பெண்ணெய் தடவிப் படியப்படிய வாரி வளர்த்த முடி. "விடணும்" என்றார் மெதுவாக. நான் அதிர்ந்துபோனேன். மனுஷர் மொட்டை போடத் தயாராகிவிட்டார்! என் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், பங்காளியை விடமாட்டார்!

"தேதியைத் தள்ளித்தான் வைக்கணும்" என்றார் மாமனார். "பய அடுத்த லீவுல வரட்டும். என்ன செய்றது, நம்ம கையிலயா இருக்கு?"

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கல்யாணப் பெண் கூடத்துக்கு வரக் கூடாது, பேசக் கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை. விடுவிடுவென்று வந்து நடுவில் நின்றேன்.

"தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. அவரு எங்களுக்குச் சொந்தமே கிடையாது. எங்கப்பா ஒருவாட்டி அவருக்குத் துணி எடுத்துக் காட்டுனாரு, தண்ணி குடுத்தாரு. அம்புட்டுத்தான்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மாப்பிள்ளையின் அத்தை அவிழ்த்த தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். "ஆத்தாடி, இம்புட்டுப் புளுகுற வீட்டுலயா பொண்ணெடுக்குறது? கெளம்புங்கண்ணே!"

"நீ சும்மா இரு" என்றார் மாமனார். "சந்தை பூராவும் தம்பட்டம் அடிச்சது யாரு? நம்ம கல்யாணத்துக்குப் பாட்டுக்காரர் வாராருன்னு கருவாட்டுக்காரிகிட்டக்கூடச் சொன்னேல்ல? இப்பப் போயி இல்லேனு சொல்லுவியா?"

அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

மாமனார் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு என் அப்பாவிடம், வழக்குத் தீர்க்கிற நாட்டாமை மாதிரி சொன்னார்: "சம்பந்தி, அவரு உங்களுக்குச் சொந்தம்னுதான் நான் ஊருக்குள்ள சொல்லியிருக்கேன். என்ன மொறைன்னு சொல்லல. இன்னையிலேருந்து அவரு உங்களுக்கு மச்சான் மொறை. மச்சானுக்கு ஏது தீட்டு? எல்லாரும் போயித் தலை முழுகுங்க. கல்யாணம் வச்ச தேதியிலதான்."

"அப்ப அவரு கல்யாணத்துக்கு...?" என்று அத்தை இழுத்தாள்.

"தகப்பன் செத்துப் பதினாறு கழியலை. அவரு எப்படிம்மா வருவாரு? அவருக்குத்தான தீட்டு!"

சொல்லிவிட்டு எழுந்தவர், வாசல்படியில் நின்று திரும்பி, "போயிட்டு வாரோம்" என்றார். துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அம்மா சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று வழியனுப்பினாள்.

கல்யாணம் நடந்தது. தாரை வார்க்க வந்து நின்ற நேரம் தவிர, அப்பா பந்தலுக்குள் தலைகாட்டவே இல்லை. கொல்லையில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இல்லை அது, கூச்சம். தன் பெண் முன்னால் குனிந்துபோன கூச்சம். சாப்பாட்டுக்கு மட்டும் வலுக்கட்டாயமாக இழுத்து வந்து பந்தியில் உட்கார வைத்தார்கள். தலையைக் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாகப் பந்தியைப் பார்வையிட வந்தோம். அப்பாவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த உசிலம்பட்டிக்காரி ஒருத்தி, ஊருக்கே கேட்கிற குரலில் என்னிடம் கேட்டாள்: "ஏம்மா, அந்தப் பாட்டுக்காரரு நெசமாவே உங்களுக்குச் சொந்தந்தானா?"

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"ஆமா" என்றேன். "எங்க மாமா. துக்கம், அதான் வர முடியலை. இல்லேன்னா நேத்து ராத்திரியே வந்திருப்பாரு. என்னைத் தூக்கி வளத்தவரு."

இந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாரம் கழித்து என் முகத்தைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர் வரிசைக்காரியிடம் சொன்னார்:

"இவளுக்குத் தொட்டில்ல தாலாட்டுப் பாடுனதே அவருதான்."