மூன்று வேட்பாளருக்கு ஒரே வாய்

கிங்ஸ்பரியில் சிவமலரைத் தெரியாதவர்கள் இல்லை. சிவமலருக்குத் தெரிந்தது என்ன என்று தெரிந்தவர்கள்தான் ஒருவரும் இல்லை.

ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். வந்த மறுவருடமே ஆஸ்பத்திரிகளிலும் கவுன்சிலிலும் மொழிபெயர்க்கும் வேலை. டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும், நம்மவர் சொல்வதை இங்கிலிஷில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சிவமலர் அதைச் செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். நோயாளி மூன்று தரம் இருமினால் இவளும் டொக்டர் பக்கம் திரும்பி மூன்று தரம் இருமுவாள். நோயாளி "ஐயோ அம்மா" என்றால் அந்த அம்மாவும் இங்கிலிஷில் வருவாள். ஒரு தடவை வெம்பிளியில் ஒரு பல் டொக்டர், இவள் வலியைச் சொன்ன அழகில் மயங்கி, நோயாளியை விட்டுவிட்டு இவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடித்துவிட்டாராம். இழுக்க முன்னர் நர்ஸ் தடுத்திருக்காவிட்டால் சிவமலர் இன்று ஒரு பல் குறைவாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய வேலைக்கு மூன்று சட்டம். சொன்னதை முழுக்கச் சொல். சொல்லாததைச் சொல்லாதே. வெளியே வந்ததும் மறந்துவிடு. மூன்றாவதில்தான் அவள் மகாராணி. பிள்ளைப்பேற்றறையில் பதினெட்டு மணிநேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை அடுத்த வாரம் மரக்கறிக் கடையில் கண்டால், விளக்குக் கம்பத்தைக் கண்டதுபோல் கடந்து போவாள். அந்தப் பெண்ணாக வந்து கதைத்தால் கதைப்பாள். இல்லாவிட்டால் இல்லை.

அவளை எல்லா இடத்துக்கும் காரில் கொண்டுபோய் இறக்குகிற புருஷன் செல்வரத்தினத்துக்கு இதுதான் பெருங்கவலை.

"பதின்மூண்டு வருசம் ஆஸ்பத்திரி வாசல்லை காரோடை காத்து நிக்கிறன்," என்பார். "லண்டனிலை ஆருக்குச் சீனி வருத்தம் எண்டுகூட எனக்குத் தெரியாது. வெளியிலை சொன்னால் ஆரும் நம்புவினமோ?"

இப்படிப்பட்டவளின் வாய்க்கு 2009 ஒக்டோபரில் ஒரு சோதனை வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், ஹரோவில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளி மண்டபத்தில், ஐந்நூறு பேருக்கு முன்னால்.

அடுத்த வருடம் பொதுத்தேர்தல். வன்னி யுத்தத்தை நிறுத்தச் சொல்லி வசந்தகாலம் முழுக்க நம்மவர்கள் வீதியில் நின்றதைப் பார்த்த கட்சிக்காரர்களுக்கு நம்முடைய மண்டபங்களின் விலாசம் திடீரென்று பாடமாகியிருந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ணன் மூன்று வேட்பாளர்களைக் கூப்பிட்டு ஒரே மேசையில் இருத்தினார். எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை, அடையாளம் போதும். ஒருவருக்குத் தாடி. இன்னொருவருக்குக் காலில் முகம் பார்த்துத் தலைவாரக்கூடிய பளபளப்பில் சப்பாத்து. மூன்றாமவர் பூப்போட்ட கோட்டுப் போட்ட பெண், முன்பு பள்ளிக்கூட நர்ஸாக இருந்தவர். மூவருக்கும் பொன்னாடை போர்த்தியாயிற்று. தாடிக்காரர் அதைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பனிக்காலத்துக்குத் தயாரானார்.

மேசையின் ஓரத்தில் சிவமலர், கையில் மைக். மண்டபத்தில் பாதிப்பேருக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும். ஆனால் அவள் தமிழில் சொல்லும்வரை ஒருவரும் கைதட்டவில்லை.

முதல் ஒரு மணிநேரம் வன்னி முகாம்களில் அடைபட்டிருந்த சனங்களைப் பற்றித்தான் கேள்வி. வேறெதைக் கேட்பது அந்த வருடத்தில்? அது முடிந்து, வடை பொரிகிற வாசம் பின்பக்கத்தால் வரத் தொடங்கியபோது, மூன்றாம் வரிசையில் பாலேந்திரா எழும்பினார். கிங்ஸ்பரியில் கார் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். குரலும் என்ஜின் குரல்தான்.

"என்ரை மகளுக்குப் பதினைஞ்சு வயசு. மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் பள்ளிக்கூடம் என்னட்டைக் கையெழுத்துக் கேக்குது. தலையிடிக் குளிசை குடுக்கிறதெண்டாலும் கேக்குது. ஆனால் இந்த நாட்டிலை அந்த வயசுப் பிள்ளை கருக்கலைப்புச் செய்யிறதெண்டால் தாய் தேப்பனுக்குச் சொல்லத் தேவையில்லையாம். டொக்டர், பிள்ளைக்கு விளக்கம் இருக்கெண்டு கண்டால் போதுமாம். நீங்கள் பாராளுமன்றம் போனால் இதை மாத்துவியளோ, மாட்டியளோ?"

மண்டபம் அதிர்ந்தது. வடை பொரித்தவர்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாலேந்திராவுக்குப் பக்கத்துக் கதிரையில், கடுகு நிறச் சேலையில், அவருடைய மனைவி குமுதினி கைப்பையின் வாரை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஓகஸ்டில், அவர்களுடைய மகள் அப்படி ஒரு டொக்டரிடம் போயிருந்தாள். டொக்டர், வீட்டில் யாருக்காவது சொல்லும்படி கேட்டுக்கொள்ள, அம்மாவிடம் சொன்னாள். குமுதினி இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் மகளோடு கூடப் போனாள். குமுதினிக்கு இங்கிலிஷ் போதாது. அந்த அறையில் அவளுக்காக மொழிபெயர்த்தவள் சிவமலர். பாலேந்திராவுக்கு ஒன்றும் தெரியாது. (பெயர்களையும் தொழிலையும் மாற்றிவிட்டேன். தாயையும் மகளையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். மகள் இரண்டு வரி வெட்டினாள், வெட்டியது வெட்டியதுதான்.)

சிவமலர் கேள்வியை இங்கிலிஷில் சொன்னாள். என்ஜின் குரலையும் சேர்த்து.

தாடிக்காரர் முதலில் பதில் சொன்னார். அதைச் சிவமலர் தமிழில் தந்தாள்: "நான் மாத்துவன். பதினாறுக்குக் கீழை இருக்கிறது பிள்ளைதான். பெற்றோரிலை ஒராளாவது சம்மதிக்க வேணும். பிள்ளை அந்தரப்படுற நேரத்திலை தாய் தேப்பனுக்குக் கதவைச் சாத்துற சட்டம் நல்ல சட்டமில்லை."

மண்டபம் கைதட்டியது. வேட்பாளருக்கல்ல, சிவமலருக்கு. "சபாஷ் பிள்ளை!" என்றது முன்வரிசை.

அடுத்தது பளபளப்புச் சப்பாத்து. ஆறு நிமிடம் கதைத்தார். கைகளை விரித்தார், சேர்த்தார், மறுபடி விரித்தார். சிவமலரும் விரித்தாள், சேர்த்தாள். "இது அவரவர் மனச்சாட்சி விசயம். எல்லாப் பக்கத்தையும் கேக்க வேணும். நான் கேக்கத் தயாராய் இருக்கிறன். கேட்டாப் பிறகு யோசிக்கவும் தயாராய் இருக்கிறன்."

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அவ்வளவுதானோ?" என்றார் ஒருவர்.

"அவ்வளவுதான் சொன்னவர்," என்றாள் சிவமலர்.

பூப்போட்ட கோட்டுப் பெண் எழுந்து நின்றார். சிவமலரும் எழுந்து நின்றாள். "நான் மாத்தமாட்டன். டொக்டர்மார் வீட்டிலை சொல்லச் சொல்லித்தான் கேக்கினம். கனபேர் சொல்லுகினம். சொல்ல ஏலாத கொஞ்சப்பேர் இருக்கினம். அவையளை நீங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா எண்டு திருப்பி அனுப்பினால், அவையள் வீட்டை போகமாட்டினம். போகக்கூடாத இடத்துக்குப் போவினம். அதுக்குத்தான் எனக்குப் பயம்."

இப்போது எழும்பிய கூச்சல் வெம்பிளி மைதானத்தில்கூட எழும்பியிருக்காது. முழுக்கச் சிவமலரை நோக்கி. மேசையில் மூன்று வெள்ளைக்காரர் பொன்னாடையோடு மறக்கப்பட்டு இருந்தார்கள்.

"இப்பத்தானே மாத்துவன் எண்டனீங்கள்!"

"ஒரு வாயாலை மூண்டு கதை!"

"பிள்ளை, நீ எந்தப் பக்கம்? அதை முதல் சொல்லு!"

கோபாலகிருஷ்ணன் மணியடித்தார். இருபத்தைந்து வருடம் கணக்கியல் படிப்பித்தவர். சந்தேகத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் கிடையாது. சபை அடங்கியதும் சிவமலர் பக்கம் திரும்பி, பெரிய யோசனை வந்தவர்போல் கேட்டார்.

"தங்கச்சி சிவமலர், இவையளை விடும். நீர்தானே ஆஸ்பத்திரியளுக்குப் போறனீர். பேர் ஒண்டும் வேண்டாம். எங்கட பிள்ளையள் இந்த விசயத்துக்கு அங்கை வருகுதுகளோ, இல்லையோ? ஓம் இல்லை, ஒரு சொல். பெற்றார் தெரிஞ்சுகொள்ள வேணும்."

ஐந்நூறு பேரும் வாயை மூடினார்கள். வடைச் சட்டிகூடச் சத்தத்தை நிறுத்தியது. குமுதினியின் கைப்பை வார் விரலை இறுக்கி விரல் நுனி வெளுத்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். "இல்லை" என்றால் பொய். "ஓம்" என்றால் முடிந்தது கதை. தேநீர் ஆற முன்னர் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையையும் ஒவ்வொரு வீட்டாரும் அளக்கத் தொடங்கிவிடுவார்கள். "சொல்ல ஏலாது" என்றால் அது "ஓம்" என்பதற்கு அக்கா. வெறுமனே நின்றால் கண் எங்காவது போகும், போகிற இடத்தைப் பாலேந்திரா பார்ப்பார்.

சிவமலர் கண்ணை எங்கும் விடவில்லை. மைக்கை மற்றக் கைக்கு மாற்றினாள். மேசைப் பக்கம் திரும்பினாள். கோபாலகிருஷ்ணனின் கேள்வியை, ஒரு சொல் விடாமல், அவருடைய இருமலையும் சேர்த்து, வேட்பாளர்களுக்கு இங்கிலிஷில் மொழிபெயர்த்தாள். அவர்களுக்கு விளங்கியது இதுதான்: இந்த மொழிபெயர்ப்பாளர் ஆஸ்பத்திரி அறைகளில் கேட்டதை இந்தச் சபையில் சொல்ல வேண்டும் என்று தலைவர் கேட்கிறார்.

ஒரு மணிநேரமாக எதிலும் ஒத்துப்போகாத மூவரும் ஒரே நேரத்தில் துள்ளி எழும்பினார்கள். பளபளப்புச் சப்பாத்துக்காரருக்குக்கூட ஒரு பக்கம் வந்துவிட்டது! ஆனால் முந்தியவர் தாடிக்காரர். பொன்னாடை ஒரு பக்கம் அவிழ மேசையில் ஓங்கி அடித்தார். சொன்னதை முழுக்கச் சொல் என்பது சட்டமல்லவா? சிவமலரும் மேசையில் ஓங்கி அடித்தாள்.

"இல்லை, இல்லை, இல்லை! மகள் தேப்பனுக்குச் சொல்ல வேணும் எண்டுதான் நான் கேக்கிறன். மொழிபெயர்க்க வந்த மனிசி மண்டபத்திலை நிண்டு ஊருக்குச் சொல்லுறதை நான் கேக்கேல்லை. இந்த மனிசி இப்ப வாயைத் திறந்தால், முதல் முறைப்பாடு என்ரை கையாலைதான் எழுதுவன்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார். அது வரிசை வரிசையாக முன்னுக்கு உருண்டு வந்து கோபாலகிருஷ்ணனில் மோதியது.

"நான் சும்மா பொதுவாத்தானே கேட்டனான்," என்றார் அவர்.

சிவமலர் அதையும் இங்கிலிஷில் சொன்னாள்.

"ஐயோ, அதைச் சொல்லாதையும்!"

அதையும் சொன்னாள். வேட்பாளர்கள் மூவரும் தலைவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கும்போதும் பாலேந்திரா நின்றுகொண்டுதான் இருந்தார். இந்தத் தடவை என்ஜின் பாதிதான் ஓடியது. "அப்ப தேப்பன்மார் என்ன செய்யிறது? அதையும் ஒருக்கால் கேளுங்கோ."

பூப்போட்ட கோட்டுப் பெண் பதில் சொன்னார். சிவமலர் அதைத் தணிந்த குரலில் தமிழில் தந்தாள், ஏனென்றால் அந்தப் பெண்ணும் தணிந்துதான் சொன்னார். "உங்கட மகள் வீட்டிலை ஒரு பிளேட்டை உடைச்சால் முதல் ஆரிட்டை வருவாள்? அதை யோசியுங்கோ. சட்டம் உங்களுக்கு ஒரு கையெழுத்துத் தரும். அவளை உங்களிட்டைக் கொண்டுவந்து விடாது."

பாலேந்திரா கதிரையில் இருந்துவிட்டார்.

வடை மேசையடியில் குமுதினி தேநீர்க் கோப்பையோடு சிவமலருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாங்கள் முன்னம் எங்கையும் சந்திச்சனாங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லையே அக்கா," என்றாள் சிவமலர். "நான் சிவமலர். வடை எடுங்கோ, ஆறமுதல் சாப்பிட்டால்தான் ருசி."

குமுதினி அந்த வடையைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாளாம், சாப்பிட மனம் வராமல்.

வீட்டுக்குப் போகிற வழியில், கென்ரன் வீதியில், பாலேந்திராதான் காரை ஓட்டினார். கிங்ஸ்பரிச் சுற்றுவட்டம் வந்ததும் கேட்டார்.

"பிளேட் உடைஞ்சால் அவள் ஆரிட்டைச் சொல்லுவாள்?"

"என்னட்டை."

திரும்ப வேண்டிய வீதியை விட்டுவிட்டார். இன்னொரு சுற்று.

"ஏன் என்னட்டைச் சொல்லமாட்டாள்?"

"நீங்கள் கத்துவியள்."

"நான் கத்துறனானோ?" என்று கத்தினார். மூன்றாம் சுற்று. பிறகு, மகளைப் பெற்றதிலிருந்து அவரிடம் குமுதினி கேட்டிராத ஒரு குரலில், "குமுது, வீட்டிலை பிளேட் ஏதும் உடைஞ்சதோ?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உடைச்ச ஆள்தான் அதைச் சொல்லோணும். நான் சொல்ல ஏலாது. நீங்கள் கேக்கிறமாதிரிக் கேட்டால் சொல்லுவாள்."

"எப்பிடிக் கேக்கிறது?"

"கேட்டுக் காட்டுங்கோ பாப்பம்."

முதல் தடவை கேட்டது பொலிஸ்காரர் கேட்டதுபோல் இருந்தது. சரியில்லை என்றாள். அடுத்த சுற்றில் வாத்தியார்போல். அதுவும் சரியில்லை. அதற்கடுத்தது கராஜுக்கு வந்த வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல். பதினேழு சுற்றுச் சுற்றினார்கள். பின்னால் 183ஆம் இலக்கப் பஸ் ஒன்று வழி மாறி அவர்களோடேயே ஏழு சுற்றுச் சுற்றியதாகக் கேள்வி. பதினேழாவதில் குமுதினி "ம்" என்றாள். அவர் இடப்பக்கச் சிக்னலைப் போட்டார்.

வீட்டில் அவர் மகளிடம் கேட்டதும், அவள் சொன்னதும் அந்தச் சமையலறைக்கு உரியவை. மகள் வெட்டிய இரண்டு வரியும் அவைதான். அன்றைக்கு அந்த வீட்டில் பிளேட் ஒன்றும் உடையவில்லை, யாரும் கத்தவும் இல்லை. இதை மட்டும் விட்டுவைத்தாள்.

எழுதி முடித்துவிட்டு இதைச் சிவமலருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். பக்கத்தில் செல்வரத்தினம் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். பதின்மூன்று வருடப் பசி.

"எப்பிடி?" என்றேன்.

"மண்டபத்திலை ஐந்நூறு பேர் இல்லை. நூற்றிப்பத்துக் கதிரைதான் போட்டது," என்றாள்.

"மற்றதெல்லாம்?"

"மற்றது எனக்கு ஒண்டும் தெரியாது."

செல்வரத்தினம் பெருமூச்சு விட்டுவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார்.