வலிப்பு வந்ததை மறைத்த நாள்

அண்ணன் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். காலையில் குடித்தால்தான் நடுங்காமல் சாவியைப் பிடிக்க முடியும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஒருநாள் ஒரு பெண் அவர் வண்டியில் ஏறி, வாடை தாங்காமல் பிள்ளையோடு இறங்கிவிட்டாள். "திட்டியிருந்தாக்கூடப் பரவால்லடா. ஒண்ணுமே சொல்லாம இறங்கிப் போயிருச்சு" என்றார். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று அன்றுதான் ஒத்துக்கொண்டார். நானும் மதினியும் கூடப் போனோம்.

எல்லோரையும் வார்டில் சேர்ப்பதில்லை என்றார் மனநலப் பிரிவு மருத்துவர். சிலருக்கு வீட்டிலிருந்தபடி மாத்திரை போதும், சிலரை உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதை முடிவுசெய்யத்தான் அத்தனை கேள்விகள். கடைசியாக எப்போது குடித்தார், வேறு நோய் உண்டா, வீட்டில் கூட இருக்க ஆள் உண்டா, விட வேண்டுமென்று அவருக்கே தோன்றுகிறதா. அண்ணன் தயங்காமல் பதில் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி குடிய நிறுத்தினப்ப வலிப்பு வந்திருக்கா?"

"இல்லங்க."

மருத்துவர் மதினியைப் பார்த்தார். மதினியும் இல்லையென்று தலையசைத்தார்.

மாத்திரை எழுதி, தினமும் வந்து காட்டச் சொன்னார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் தேவைப்படாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் மதியம் மதினி போன் செய்தார். உடனே வரச் சொன்னார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணன் அடுப்படி வாசலில் கிடந்தார். நாக்கைக் கடித்து, சட்டையெல்லாம் ரத்தம். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் போகும்போதுதான் மதினி சொன்னார். "போன மாட்டுப் பொங்கலுக்கும் வந்துச்சு தம்பி. சாராயக் கடை லீவு அன்னைக்கு. ஆஸ்பத்திரில வலிப்புன்னு எழுதிட்டா லைசென்ஸ் போயிரும், சொல்லாதன்னாரு. வண்டிய விட்டா அவருக்கு வேற என்ன தெரியும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. நான்கு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறேன். அந்தப் பொங்கலன்று அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

வார்டில் மூன்று நாள் அவர் அவராக இல்லை. படுத்தபடியே "பெரியார், பெரியார்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிட்டார். இல்லாத பயணிகளைத் தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு மெல்லத் தெளிந்தார்.

உடம்பு தேறிவிட்டது, ஆனால் இது போதாது என்றார் மருத்துவர். ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரிலேயே மதுக்கடை. முன்பு இரண்டு முறை விட்டுவிட்டுத் திரும்பவும் தொடங்கியவர். அதனால் தங்கி எடுக்கும் சிகிச்சைதான் இவருக்குச் சரி என்றார். மூன்று மாதம் என்றதும் அண்ணன் என் பக்கம் திரும்பி, வீட்டிலிருந்தே விட்டுவிடுவதாகச் சொன்னார்.

எப்படியாவது பிடித்து வையுங்கள் என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன்.

"இப்ப அவர் தெளிவா இருக்காரு. தெளிவா இருக்கிறவர் வேண்டாம்னா நான் பிடிச்சு வைக்க முடியாது" என்றார். அவர் முகத்திலும் களைப்புதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம்போல ஒழுங்காக இருந்தார். பிறகு பழையபடி ஆனது. குடிக்காதே என்று சொல்லக்கூட எனக்கு இப்போது பயம். சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் காலையில் மதினி போன் செய்தார். "நேத்துலருந்து குடிக்கல தம்பி. சந்தோஷப்படவா பயப்படவான்னு தெரியல."

நான் போனபோது அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரிக்கு எவ்வளவோ கூப்பிட்டேன். "நாளைக்கு வாரேன்டா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவருக்குப் போன் போட்டேன். உடனே கூட்டி வரச் சொன்னார். வரமாட்டேன் என்கிறார் என்றேன்.  அப்படியானால், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார்.

மதினி அன்று உலை வைக்கவில்லை. இரண்டு பேரும் அவர் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.