மணிக்கு அறுபத்தாறு கிலோமீட்டர்

என் சைக்கிள் மணிக்கு அறுபத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வாழைத்தார் கட்டியிருந்த ஒரு பெரியவர் சாதாரணச் சைக்கிளை மிதித்து எங்களை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பி, "பாத்து போம்மா, பிள்ள இருக்கு" என்று புத்திமதி வேறு. பின்னிருக்கையில் இருந்த என் ஐந்து வயது மகள் அவருக்குக் கையசைத்தாள். ஹேண்டிலில் வேகம் காட்டும் டிஸ்பிளே மட்டும் அசரவில்லை. அறுபத்தாறு என்று பெரிதாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

அது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மாலை ஆறு மணிக்குள் அந்தச் சைக்கிள் சரியாகவேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் என் மகள் பள்ளி வேனில் ஏறிவிடுவாள்.

எங்கள் வீடு ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறது. தோட்டம் போய்விட்டது, தமிழ்ப்பள்ளி போகவில்லை. அது இருந்த மேட்டிலேயே, இப்போது செம்பனை மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அதில் கடைசி அரைக் கிலோமீட்டர் நல்ல ஏற்றம். திங்கட்கிழமை மகள் அங்கே பாலர் வகுப்பில் சேர்கிறாள். என் கணவர் விடியும் முன்பே கப்சாய் மோட்டார்சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு இருந்தது ஒரு மின்சாரச் சைக்கிள். அதன் மோட்டருக்குள்ளும் முந்தின மாதம் மழைத்தண்ணீர் புகுந்து, அது கரகரவென்று இருமிவிட்டு அடங்கிப்போனது.

"வேன்ல போட்டுருவோம்லா," என்றார் கணவர். "ஊரே வேன்ல போவுது."

"வாந்தி எடுப்பா."

"எடுத்தா தொடச்சிக்குவாரு."

"யாரு?"

"வேன் அண்ணன்தான். வேற யாரு, நானா?"

வாந்தி உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பிறந்தது முதல் அவள் என் வயிற்றுக்கோ முதுகுக்கோ பக்கத்திலேயே இருந்தவள். எட்டரைக்கு நான் கிளினிக்கில் பதிவு மேசைக்குப் போய்விட்டால் மாலைவரை என் கண்ணில் படமாட்டாள். பள்ளிக்குப் போகும் அந்தப் பதினைந்து நிமிடமாவது அவள் என் முதுகில் சாய்ந்துகொண்டு ஏதாவது பேசிக்கொண்டு வரவேண்டும் என்று நினைத்தேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாந்தியையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வேனில் ஒரே இடம்தான் மிச்சம். ஞாயிறு ஆறு மணிக்கு வேன்காரர் கூப்பிட்டுக் கேட்பார். அதற்குள் சைக்கிள் எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு அந்த மேட்டில் ஏறினால் சைக்கிள். ஏறாவிட்டால் வேன்.

புது மோட்டர் வைத்த சக்கரம், கண்ட்ரோலர் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி, புது டிஸ்பிளே மூன்றும் ஒரே செட்டாக வந்தன. கணவர் சக்கரத்தைத் தூக்கி மாட்டி நட்டுகளை முடுக்கினார். ஒயர் வேலை எனக்கு, அவர் விரல்கள் தடிமன் என்பதால். நான் பழைய ஒயர் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம் எடுத்தேன். டேப் ஒட்டி எண் போட்டேன். பிறகு எண் ஒன்பதா ஆறா என்று சந்தேகம் வந்து, எல்லாவற்றுக்கும் அடியில் கோடு போட்டேன். மகளின் முதுகெலும்பையே மாற்றுவது போல உட்கார்ந்திருந்தேன் என்பார் கணவர்.

சனிக்கிழமை காலையில் பொத்தானை அழுத்தியதும் டிஸ்பிளேயில் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா வேலிப்பக்கம் ஓடிவந்தார்.

"என்னலா, பாம்பா?"

"எரியுதுக்கா! டிஸ்பிளே எரியுது!"

"தீயா?"

"இல்லக்கா, நல்லா எரியுது!"

அக்கா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பூஜ போட்டியா?"

மறந்தே போயிருந்தேன். புள்ளைய ஏத்திட்டுப் போற வண்டில சும்மா ஏறிடுவியா என்று அக்கா திட்ட, உடனே குளித்துவிட்டு வந்தேன். ஊதுபத்தி, கற்பூரம், இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். ஹேண்டிலில் விபூதி. சந்தனமும் குங்குமமும் எங்கே வைப்பது என்று பார்த்தபோது, டிஸ்பிளேயின் மேல் விளிம்பில் சரியாக நடுவில் ஒரு சின்னஞ்சிறு வட்டக் குழி தெரிந்தது. நெற்றியில் பொட்டுக்கென்றே இடம் விட்டுச் செய்தது போல இருந்தது. அங்கே சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டேன். டிஸ்பிளேக்கு முகக்களை வந்துவிட்டது.

பழத்தை நசுக்கிக்கொண்டு சைக்கிளை வெயிலுக்குத் தள்ளினேன். டிஸ்பிளே மங்கிப்போனது. எதுவும் தெரியவில்லை. பதினொரு மணி வெயிலில் முன்விளக்கு மட்டும் தானாக எரிந்தது.

எந்த ஒயரை மாற்றிச் சொருகினேன்? எல்லாப் பிளக்கையும் கழற்றிச் சொருகினேன். படங்களைப் பார்த்தேன். மறுபடி கழற்றினேன். வீட்டு நிழலுக்குள் கொண்டுவந்தால் மங்கலாகவாவது தெரிந்தது. வெளியே போனால் ஒன்றுமில்லை. முன்விளக்கை அணைத்தால் திரும்பவும் தானே எரிந்தது. பேட்டரி போதவில்லை, கண்ட்ரோலர் வெந்துவிட்டது, ஆர்டர் போட்டதே தப்பு என்று ஒரு மணி நேரத்தில் எல்லா முடிவுக்கும் வந்துவிட்டேன்.

கணவர் படியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "மத்தியானத்துல லைட்டு போடுதுன்னா, அதுக்கு ராத்திரின்னு நெனப்புலா."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் கையேட்டை எடுத்தேன். எறும்பு எழுத்தில் இருந்த ஒன்பதாம் பக்கத்தில் டிஸ்பிளேயின் படம். மேல் விளிம்பின் நடுவிலிருந்த வட்டத்தை ஓர் அம்புக்குறி காட்டியது: வெளிச்சத்தை உணரும் கண். இருட்டினால் திரையின் ஒளியைக் குறைத்து, விளக்கைப் போடும்.

அந்தக் கண்ணில்தான் நான் சந்தனத்தை அப்பியிருந்தேன்.

"ஏங்க," என்றேன். விரலால் காட்டினேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குச் சிரிப்போடு பயமும் வந்தது. பூஜையில் வைத்த பொட்டை அழிக்கலாமா? வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டேன்.

"அழிக்காதலா, நகத்து," என்றார் அக்கா. "கண்ண மறைக்கச் சொல்லி எந்தச் சாமி கேட்டுச்சு?"

ஈரத்துணியால் துடைத்து ஹேண்டிலுக்கு மாற்றினேன். துணியை எடுத்ததும் திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. முன்விளக்கு அணைந்தது. நாங்கள் இருவரும், வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவும் கைதட்டினோம். அதற்குப் பிறகு அன்று முழுக்க மழை. ஓட்டிப் பார்க்க முடியவில்லை. அதனால் வேலை முடிந்துவிட்டது என்று நம்பி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதுதான் அந்த அறுபத்தாறு. மோட்டர் ஒரு நொடி தள்ளும், உடனே கையை விட்டுவிடும். மேட்டுக்கு வந்தபோது சுத்தமாக விட்டுவிட்டது. இறங்கித் தள்ளினேன். சைக்கிளும் பேட்டரியும் குழந்தையும். அவள் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "ம்மா, மோட்டர போடும்மா" என்றாள்.

"நான்தாண்டி இப்ப மோட்டர்."

"அப்ப வேகமா போ."

பாதி மேட்டில் நின்றுவிட்டேன். மணி ஐந்து. கணவருக்குப் போன் போட்டேன். கப்சாயில் வந்து சேர்ந்தவர் டிஸ்பிளேயைப் பார்த்து, "எவ்ளோ வேகம் காட்டுச்சு?" என்றார். சொன்னேன். "அலாமாக்! நான் கூட இதுல அவ்ளோ போறதில்ல."

அவர் ஒரு யோசனை சொன்னார். கீழே சமரோட்டில் அவர் கப்சாயை மெதுவாக விட, நான் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு போகவேண்டும். இருவரும் அவரவர் வேகத்தைக் கத்திச் சொல்லவேண்டும்.

"பத்து!" என்று அவர் கத்தினார்.

"அறுவது!" என்று நான் கத்தினேன்.

"ஒம்போது!"

"அம்பத்தி நாலு!"

"பதினொன்னு!"

"அறுவத்தி ஆறு!" இதை என் மகள் கத்தினாள். எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாளா, குத்துமதிப்பாகச் சொன்னாளா, இன்றுவரை தெரியாது.

செம்பனை ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை ஏலக்காரர்களைப் பார்ப்பது போல வாய் பார்த்து நின்றார். "எட்டு!" "நாப்பத்தி எட்டு!" என்று கத்தியபோது எனக்கு உறைத்தது. ஆறாம் வாய்ப்பாடு. எப்போதும் ஆறு மடங்கு. பிரேக் பிடித்தேன்.

இந்தச் சைக்கிள்களில் டிஸ்பிளே இருபத்தைந்தைத் தொட்டதும் மோட்டர் தானாக நின்றுவிடும், சட்டம் அப்படி. வேகத்தைக் காந்தத்தை வைத்து எண்ணுகிறது. பழைய சைக்கிளில் சக்கரக் கம்பியில் ஒரே ஒரு காந்தம். அது ஒருமுறை கடந்தால் சக்கரம் ஒரு சுற்று. புது மோட்டருக்குள் ஆறு காந்தம். ஒரு சுற்றை ஆறு சுற்றாக எண்ணினால், நாங்கள் நடக்கிற வேகத்தைத் தாண்டும் முன்பே டிஸ்பிளேயில் இருபத்தைந்து வந்துவிடும், மோட்டரும் நின்றுவிடும்.

"அப்ப செட்டிங்ல தப்பா வந்திருக்கு," என்றார் கணவர். "கம்பெனிக்காரன் ஒழுங்கா போட மாட்டானா?"

நான் பையிலிருந்து கையேட்டை எடுத்தேன்.

"வர்றப்போ ஆறுன்னுதாங்க இருந்துச்சு."

"ம்?"

"சைக்கிளுக்கு ஒரு காந்தம்தானேன்னு... நான்தான் திருத்துனேன். ஒன்னுன்னு."

அவர் கப்சாயை ஸ்டாண்டு போட்டுவிட்டு, புல்லில் உட்கார்ந்து சிரித்தார். ஈரப் புல். அதைப் பற்றியும் கவலைப்படவில்லை. "ஒழுங்கா இருந்தத... ஒழுங்கா..." என்று அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. நானும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் மகளும் சிரித்தாள்.

இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் செட்டிங் திறக்கும். தவறி வேறெதையாவது மாற்றிவிட்டால்? கணவர் எழுந்துவந்து கையேட்டை விரித்துப் பிடித்தார். ஒவ்வொரு வரியையும் நான் வாசிக்க, அவர் "ஆமா" என்று சொல்ல, மகளும் "ஆமா" என்று சொல்ல, காந்த எண்ணிக்கையை ஆறாக மாற்றிச் சேமித்தேன். தைப்பிங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆறு மணிக்கு ஏழு நிமிடம்.

மேட்டை நோக்கி மிதித்தேன். பன்னிரண்டு. பதினான்கு. ஏற்றம் தொடங்கியது. மோட்டர் பிடித்துக்கொண்டது. விடவில்லை. யாரோ இடுப்பில் கை கொடுத்துத் தள்ளுவது போல, பின்னாலிருந்து ஒரே சீராகத் தள்ளியது. பதின்மூன்று. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது, கத்தினேன். மகளும் கத்தினாள். பின்னால் கப்சாய் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

பள்ளி வாசலில் நின்றபோது அவருடைய போன் அடித்தது. எடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, சீட்டு வேணுமா இல்லையாம்மா?" என்றார் வேன்காரர்.

"வேணாம்ணே. சைக்கிள்ல வரோம்ணே."

"அந்த மேட்டுலயா?"

"மேட்டுலதான்ணே நிக்கிறோம்!"

மறுநாள் காலை, பஞ்சர் ஆகலாம், மழை வரலாம், பேட்டரி போகலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து நிமிடம் சேர்த்துக் கிளம்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது பள்ளிக் கதவே திறந்திருக்கவில்லை. சாவிக்கொத்தோடு வந்த காவலர் அண்ணன் எங்களைப் பார்த்து, "நான் தூங்கி எந்திரிக்கக் கூடாதாம்மா?" என்றார்.

மகள் இருக்கையை விட்டு இறங்கவில்லை. புதுச் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ ஏறலாமா?" என்று கேட்டாள்.

மேட்டை விட்டு இறங்கி, சமரோட்டில் திரும்பி, மறுபடியும் ஏறினோம். அதற்கு அப்புறமும் இன்னொரு தடவை.