பீரோவுக்குள் இருந்த அட்டைகள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பச்சை இரும்பு பீரோவைத் திறந்தால், பாச்சா உருண்டையின் நெடியும் புது பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். பிளாஸ்டிக் வாசனை அட்டைகளுடையது. நான் நாலாம் வகுப்புக்குப் போன வருஷம் அவை வேனில் வந்து இறங்கின. வழவழவென்று உறை போட்டு, மூலையில் முயலும் மயிலும் அச்சடித்து, பார்த்தாலே தொடத் தோன்றும். ஒரு வருஷப் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்து, ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த படியில் உட்கார்ந்து, அதை முடித்துவிட்டு அடுத்த படிக்கு ஏறலாம் என்று யாரோ நல்ல மனசோடு யோசித்திருந்தார்கள். அந்த நல்ல மனசு எங்கள் ஊர் வரைக்கும் வந்து பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. "அட்டை அழுக்காச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்று பெரிய டீச்சர் கேட்பார். தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சாவியை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை.

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர். மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பாதை. இரண்டு டீச்சர்கள், ஐந்து வகுப்புகள். என் வகுப்பில் கடைசி வரிசைக்கு "மக்கு வரிசை" என்று பெயர், அதில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தவள் அடுத்த வீட்டு மாரீஸ்வரி. ஊருக்கு அவள் மாரீசு.

மாரீசுக்கு வாசிக்க வராது. ஆனால் நான் ஒரு தடவை சத்தமாக வாசித்தால் போதும், அந்தப் பாடத்தை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். மூன்றாம் வகுப்பு வரை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே ஒப்பித்து ஓட்டினாள். ஒரு நாள் சிங்கப் படம் போட்ட பக்கத்தை விரித்து வைத்து மழைப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிடிபட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "எனக்கு எழுத்தெல்லாம் ஒண்ணுபோலத் தெரியுதுட்டி. ஒரு வரியப் பாத்துக்கிட்டிருக்கும்போதே அடுத்த வரிக்கு ஓடிப்போயிருது." ஒன்பது வயதுப் பிள்ளை தன் கஷ்டத்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து டீச்சரிடம் சொன்னாள், அவளுக்குக் கிடைத்த பதில், "ஓம் மவளுக்கு மண்டையில ஏறாது, விடு."

பிறகு கல்வி அதிகாரி பார்வைக்கு வரும் நாள் தெரிந்தது. ஒரு வாரம் பள்ளிக்கூடம் கல்யாண வீடானது. பாய் விரித்தோம், சுவரெல்லாம் துடைத்தோம், பீரோ திறந்தது. யார் எந்த அட்டையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மாரீசுக்கு ஒரு நாலாம் வகுப்பு அட்டை, அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. இரண்டே நாளில் ஒப்பித்துவிட்டாள். அவள் கண் மட்டும் அதில் இல்லை.

அந்த நாள் வந்தது. ஜீப்பில் வந்த அதிகாரி பாய் பாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பாய்க்குப் பக்கத்துப் பாயில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் தட்டில் பெரிய பெரிய எழுத்து போட்ட அட்டைகள் கிடந்தன, ஒரு அட்டைக்கு மூன்றே எழுத்து, பக்கத்தில் ஒரு படம். மாரீசு எழுந்து போய் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அங்கே வரி ஓடிப்போக இடமில்லை. ஒரு அட்டையை எடுத்து, விரலை எழுத்தின் மேல் வைத்து, மெதுவாக நகர்த்தினாள். "ப... ட... ம்..." பிறகு என்னைப் பார்த்துக் கூவினாள்: "ஏட்டி, படம்! படம்னு போட்டிருக்குட்டி!"

என் வாழ்நாளில் ஒருவர் முதன்முதலாக வாசிப்பதை நான் பார்த்தது அன்றுதான்.

அதிகாரி நின்றார். "எத்தனாங்கிளாஸ் தாயி?" என்றார். "நாலாங்கிளாஸ் சார்." அவர் கோபப்படவில்லை. "நல்லது, இந்தப் படியிலயே இருந்து ஏறட்டும்" என்று பெரிய டீச்சரிடம் சொன்னார். சரியான வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு டீ குடித்தார், நோட்டில் எழுதினார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் பெரிய டீச்சரின் கம்பு மாரீசின் விரல் முட்டியில் விழுந்தது. "நாலாங்கிளாஸ் கழுத ஒண்ணாங்கிளாஸ் அட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கி! பள்ளிக்கூடத்து மானத்தையே வாங்கிட்டியேட்டி!" மாரீசு அட்டையை விடவில்லை. "அதப் பிடுங்கி உள்ள வையி" என்று எனக்கு உத்தரவு. நான் இழுத்தேன். அவள் பிடித்திருந்தாள். இன்னொரு அடி விழுந்ததும் பிடி விட்டது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தார்களே என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பெரிய டீச்சரும் பாவம், ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி மேய்ப்பது என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். அன்றைக்கு அவர் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளையை அந்தப் பாயில் விட்டுவைத்திருந்தால் போதும்.

மாரீசு அதற்குப் பிறகு எந்த எழுத்தின் மேலும் விரல் வைக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை வருஷா வருஷம் பாஸ் போட்டு ஏற்றிவிட்டார்கள், ஒன்பதில் நின்றாள், தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள், பத்தொன்பது வயதில் கல்யாணமாகி கோவில்பட்டிக்கு வந்தாள். நானும் இங்கேதான் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஊராருடைய விண்ணப்பங்களை வாசித்து நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

இன்று அந்த அட்டைகள் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்து அட்டைகள் கடைசிவரை அழுக்காகாமலேயே பழைய பேப்பர் வண்டியில் போனதாகக் கேள்வி. "மக்கு வரிசை" என்ற சொல்லும் போய்விட்டது. இப்போது "சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு, எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் உண்டு. சொல் மாறியிருக்கிறது, கம்பு ஒளிந்திருக்கிறது, பிள்ளையை வெளியே தள்ளுகிற கை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன மாதம் மாரீசின் மகள் யாழினியின் பள்ளிக்கூடத்துக்கு நானும் போயிருந்தேன்.

யாழினி மூன்றாம் வகுப்பு. அம்மாவைப் போலவே எழுத்து தடுமாறும், போதாக்குறைக்கு ஓரிடத்தில் கால்மணி நேரம் உட்கார மாட்டாள். முன் வரிசையில் உட்கார வைத்து, வரிக்குக் கீழே ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லி, நடுவில் நோட்டு எடுத்துக் கொடுக்க எழுப்பிவிட்டால் அந்தப் பிள்ளை நன்றாகவே படிக்கிறது. என் கடை பெஞ்சில் நான் செய்து பார்த்திருக்கிறேன். அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் செய்தது, மாரீசே டி.சி. கேட்டு எழுதுவது போல ஒரு கடிதத்தை டைப் அடித்து, அவளைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டது.

நான் கடிதத்துக்குக் கை நீட்டினேன். மாரீசு என் கையைத் தள்ளினாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது சார்," என்றாள், ஆபீசில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "நீங்களே வாசிங்க. கேட்டுட்டுப் போடுதேன்."

முதல்வர் வாசித்தார். "என் மகள் வகுப்பின் ஒழுங்கைக் கெடுப்பதாலும், பாடத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லாததாலும், என் சொந்த விருப்பத்தின் பேரில்..." அவ்வளவுதான். யாழினி மேஜையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அவளப் பத்தித்தான போட்டிருக்கு, அவளும் கேக்கட்டும்," என்றாள் மாரீசு. அவர் தாளை மேஜையில் வைத்தார். "எம்பிள்ள மூணாங்கிளாஸ்ல உக்காந்து ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகம் படிச்சா எனக்குக் கேவலமே இல்ல சார். அவ இங்கனதான் படிப்பா. உங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலன்னா அத எழுதுங்க, நான் கைநாட்டு வைக்கேன்."

அவர் எழுதவில்லை. யாழினி மறுநாளும் பையைத் தூக்கிக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.