ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மைலாப்பூரில் அண்ணா, மன்னியோடு குடியிருந்தேன். பகுதி நேர ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அடையாற்று முகத்துவாரத்துச் சேற்றில் வளரும் கோரைகள். ஏன் கோரை என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன். வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

கோரைக்குப் பூ உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. இதழ் கிடையாது, நிறம் கிடையாது. எள்ளளவு செதிலுக்குள்ளிருந்து மூன்று மகரந்தத் தாள்களும் ஒரு சூல்முடியும் காலையில் சில மணி நேரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பறித்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் சுருங்கிவிடும். அதனால் நிற்கிற இடத்திலேயே படம் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஜெர்மனியில் வேலை பார்த்த பெரியப்பா மகன் விட்டுப்போன கேமரா வீட்டில் இருந்தது. லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுகிற மூன்று வளையங்களும் அதோடு இருந்தன. அவற்றை மாட்டிவிட்டுப் பார்த்தால் எள் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குத் தெரிந்தது.

முதல் ரோலில் முப்பத்தாறு படங்களும் மங்கல். அவ்வளவு கிட்டத்தில் போனால் கூர்மையாக விழுகிற ஆழம் ஓர் அரிசியின் கனம்கூட இருப்பதில்லை. நான் மூச்சு விட்டால் போதும், அது பூவைத் தாண்டிப் போய்விடும்.

கோயில் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டுடியோக்காரர் தன் முக்காலி ஸ்டாண்டை இரவல் தந்தார். தேக்கு மரக் கால்கள், பித்தளைப் பூண். கல்யாண குரூப் போட்டோவுக்கென்றே செய்தது. எவ்வளவு தாழ்த்தினாலும் என் இடுப்புக்குக் கீழே வராது. பூ இருந்ததோ கணுக்கால் உயரத்தில். கால்களை அகட்டி வைத்துப் பார்த்தேன். சேற்றில் வழுக்கிக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து மணல் மூட்டை. பழைய ரவிக்கைத் துணியில் தலையணை மாதிரி ஒரு பை தைத்து, மணலை நிரப்பி, அதன்மேல் கேமராவை அழுத்தி வைத்தேன். தார்ப்பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். ஆற்றோரக் குடிசைகளிலிருந்து ஒரு பெண் இரண்டு நாள் தூரத்தில் நின்று கவனித்துவிட்டு மூன்றாம் நாள் கிட்டே வந்தாள்.

"இன்னாம்மா தேடிக்கினு கீற? மோதிரம் எதுனா உழுந்துச்சா?"

"இல்லம்மா. இந்தக் கோரையோட பூவப் படம் புடிக்கறேன்."

"இதுல ஏது பூ?" என்று குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லியே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூட்டைமேல் கேமரா ஆடவில்லை. ஆனால் மயிரிழை முன்னே பின்னே நகர்த்த வழியில்லை. லென்சின் வளையத்தைத் திருப்பினால் பூ பெரிதாகிறது, சிறிதாகிறது, கூர்மை மட்டும் வேண்டிய இடத்தில் வருவதில்லை. கேமராவையே நகர்த்த வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. கையால் தள்ளினால் ஒன்று போதாது, இல்லாவிட்டால் அதிகம்.

ஒரு சனிக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய கேமரா சாமான் விற்கிற கடையில் மூன்று ஸ்டாண்டுகள் இருந்தன. கடைக்காரர் அலுமினியத்தில் பளபளவென்று இருந்ததை எடுத்து நீட்டினார். "லேடீஸ் தூக்கறதுக்கு நல்லா லேசா இருக்கும்."

அதைத் தரையில் நிறுத்தி மேல் தட்டை ஒரு விரலால் தட்டினேன். நான் மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் கால்கள் ஒன்றோடொன்று பிணைத்திருந்தன. ஒன்றை விரித்தால் மற்ற இரண்டும் கூடவே விரியும். மேடு பள்ளமான இடத்துக்கு உதவாது. மூன்றாவது கறுப்புப் பெயின்ட் உரிந்து, கனமாக இருந்தது. ஒரு காலின் திருகைக் காணோம். ஆனால் ஒவ்வொரு காலும் தனித்தனியாக, கிட்டத்தட்டத் தரையோடு தரையாக விரிந்தது. நடுத்தண்டை உருவித் தலைகீழாகச் செருகினால் கேமரா கால்களுக்கு நடுவே தொங்கும். தட்டியவுடன் நின்றுவிட்டது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். அதைத்தான் வாங்கினேன்.

திருகுக்காகவும், கேமராவை நகர்த்த ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பதற்காகவும் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனேன். எங்கள் கல்லூரி மைக்ராஸ்கோப்புகளைப் பழுது பார்க்கிற, லேத்தில் உலோகம் கடைகிற ஒரு டர்னர் அங்கே இருந்தார். ஓட்டுக் கூரை போட்ட ஷெட், ஒரே ஒரு லேத். நாற்பது வயதிருக்கும். நான் சொன்னதையெல்லாம் லேத்தை நிறுத்தாமலே கேட்டார்.

"எவ்ளோ நவுரணும் டீச்சரம்மா?"

"மொத்தமா மூணு அங்குலம் போதும். ஆனா மெதுவா நகரணும். விட்டா நின்ன இடத்துலயே நிக்கணும்."

"மைக்ராஸ்கோப்பப் படுக்கப் போட்டா மாதிரி. அவ்ளோதானே?"

பத்து நாளில் செய்துவிட்டார். ஒரு பித்தளைத் தகட்டின்மேல் இன்னொரு தகடு வழுக்கி நகர்ந்தது. முனையில் ஒரு திருகு. ஒரு சுற்று சுற்றினால் ஒரு மில்லிமீட்டர். மேலே கேமரா, கீழே ஸ்டாண்டு.

வேலை எப்படி என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே முகத்துவாரத்துக்கு வந்தார். காற்றுக்கு மறைப்பாக நான் அட்டையைப் பிடித்துக்கொள்ள, அவர் தார்ப்பாயில் படுத்துக் கேமராவுக்குள் பார்த்தார். மூன்று தாள்களும் அப்போது நன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. வெகு நேரம் பார்த்தார். நான் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று ஆவலாக இருந்தேன்.

"திருகப் பின்னால திருப்பசொல்ல கொஞ்சம் ஆடுது டீச்சரம்மா," என்றார். "குடுங்க, டைட் பண்ணித் தரேன்."

அந்தப் பருவத்தில் ஐந்து இனங்களைப் படம் பிடித்து முடித்தேன். மகரந்தப் பையின் நுனிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. ஒரு ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரையோடு அனுப்பினேன். படங்கள் அச்சில் சரியாக வராது, கோட்டோவியமாக அனுப்பவும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றமாகத்தான் இருந்தது. கவரை அலமாரியில் வைத்துவிட்டுப் பரீட்சை வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஏப்ரலில் ஒரு நாள் டர்னர் கல்லூரி வாசலுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய இரும்புத் துண்டு. கிண்டியில் ஒரு தொழிற்சாலை கொடுத்த கம்பியில் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்திருக்கிறார். ஒரே மாதத்தில் அது முறிந்துவிட்டது. அவர் கடையும்போது விழுந்த கீறலில் இருந்துதான் விரிசல் விட்டது என்று சொல்லி அவருக்கு வேலை தருவதையே நிறுத்திவிட்டார்கள்.

இரும்பின் முறிந்த பக்கத்தைக் காட்டினார். சாம்பல் நிறப் பரப்பில், ஓரத்தையொட்டி, நகம் அளவுக்கு ஒரு கறுப்பு.

"இந்தக் கறுப்பு பழைய வெடிப்பு. நான் கடையறதுக்கு முன்னாலயே கம்பிக்குள்ள இருந்துக்கினு கீது. ஓரத்துலேர்ந்து வரல, உள்ளாரதான் கீது. சொன்னா, அது ஓரத்தத் தொட்டுக்கினுதான் கீதுன்றானுங்க. பூவ எடுத்தா மாதிரி இத எடுத்துக் குடுங்க."

வெறும் கண்ணால் பார்த்து எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "பெரிசாக்கிப் பார்த்தா ஓரத்தைத் தொட்டுண்டு இருந்துதுன்னா?" என்று கேட்டேன்.

"தொட்டா தொட்டுட்டுப் போவுது. என் தப்புன்னு தெரிஞ்சிக்கறேன்."

வீட்டுக் கூடத்தில் ஜன்னலருகே ஸ்டாண்டை நிறுத்தினேன். இரும்பு பளபளத்து வெளிச்சத்தைக் கண்ணில் அடித்தது. மன்னியைக் கூப்பிட்டு, ட்ரேசிங் பேப்பரை ஜன்னலுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"புல்லு போய் இப்ப இரும்பா?" என்றாள் மன்னி. "ஆத்துல மனுஷா இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தரையாவது எடுத்திருக்கியோ?"

ஆனாலும் கை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். தெருவில் பஸ் போகும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. பஸ் போய் முடியும்வரை காத்திருந்து, கேமராவைக் கையால் தொடாமல், ஷட்டரோடு இணைத்த கேபிளை அழுத்தி, இரண்டு வினாடி திறந்து மூடினேன். திருகைக் கால் சுற்று நகர்த்தி மறுபடியும். பன்னிரண்டு படங்கள்.

ஸ்டுடியோவில் பெரிதாக்கிய படத்தை ஈரத்தோடு பார்த்தேன். கறுப்புக்கும் ஓரத்துக்கும் நடுவே, நூல் அளவில், உடையாமல் இருந்து கடைசியில் புதிதாக முறிந்த வெள்ளை இரும்பு வரம்பு கட்டியது மாதிரி ஓடியது. விரிசல் உள்ளேதான் பிறந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பூக்களுக்காகக்கூட அப்படி இருந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து டர்னர் வந்தார். இன்ஜினியர் படத்தையும் இரும்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கம்பியில்தான் கோளாறு என்று ஒப்புக்கொண்டாராம். வேலையை மறுபடியும் கொடுத்துவிட்டார்களாம். சொல்லும்போது அவர் முகத்தில் மலர்ச்சி இல்லை.

"நல்லதுதானே நடந்திருக்கு?" என்றேன்.

"நல்லதுதான். ஆனா ஒரு மாசமா நான் சொல்லிக்கினு இருந்ததும் இதான் டீச்சரம்மா. பதினாலு வருசமா அவங்களுக்குக் கடையறேன். போட்டோவ நம்புறான், என்ன நம்பலியே."

காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனார். அந்தத் தொழிற்சாலைக்குத் தொடர்ந்து கடைந்து கொடுத்தார். ஆனால் வேறு இரண்டு இடங்களிலும் வேலை தேடிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் நான் திரும்பி வந்த கவரை எடுத்தேன். படங்களை மேஜையில் பரப்பிக்கொண்டு, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து இந்தியன் இங்க்கில் கோட்டோவியம் போட்டேன். பத்திரிகை ஏற்றுக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டில் அந்தக் கோட்டோவியப் பக்கங்களைப் புரட்டினார்.

"உயிருள்ள செடியைப் பார்த்து வரைந்ததா?"

"போட்டோவைப் பார்த்து வரைந்தேன் சார்."

"அப்படியா," என்று சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்.